தாளிப்பதற்கு முன் ஒரு பங்கு: வாசகர் கேள்வி – பதில்

வெயில் காலத்தில் வளர்ப்பு நாய்களைப் பராமரிப்பது குறித்துச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உணவைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றிலும் வடசென்னையிலிருந்து வந்த கடிதங்கள், ஒரே அடுப்பில் குடும்பத்துக்கும் நாய்க்கும் எப்படிச் சமைப்பது என்ற கேள்வியை வெவ்வேறு விதமாக எழுப்பியிருந்தன. கால்நடை மருத்துவராக அந்தப் பகுதியிலேயே நெடுங்காலம் பணியாற்றியவள் என்பதால், இம்மாதப் பக்கம் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர். சிறிய வீடு, ஒரே அடுப்பு. இரண்டு வயதான நாட்டு நாய் ஒன்றை வளர்க்கிறோம். எடை 15 கிலோ, கருத்தடை செய்தாகிவிட்டது. கடையில் விற்கும் நாய் உணவு எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதற்கென்று தனியாகச் சமைக்கவும் முடியாது. வீட்டில் சமைப்பதையே கொடுக்கலாமா, டாக்டர் அம்மா?
– ஒரு வாசகி, வியாசர்பாடி

தாராளமாகக் கொடுக்கலாம், அதற்கென்று தனியாக உலை வைக்கவும் வேண்டாம். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு எஞ்சியதைத்தான் நாய்க்கு வைக்கிறோம். எஞ்சும் உணவில் வெங்காயம், பூண்டு, மிளகாய், உப்பு, எண்ணெய், மென்று போட்ட எலும்பு எல்லாம் கலந்திருக்கும். நாயின் பங்கை மிச்சத்திலிருந்து எடுக்காமல், தாளிப்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிட்டால், உங்கள் கேள்விக்குரிய சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

கோழிக் குழம்பு வைக்கும் நாளில், கறியைச் சிறிது மஞ்சள்தூளும் தண்ணீரும் மட்டும் சேர்த்து முதலில் வேகவையுங்கள். வெந்ததும் நாய்க்குரிய துண்டுகளையும் ஒரு கரண்டி வெந்த நீரையும் எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகு வெங்காயம் தக்காளி வதக்கிய மசாலாவில் மீதிக் கறியைச் சேருங்கள். பருப்புக்கும் பொரியலுக்கும் இதே முறைதான்: பருப்பு குழைந்ததும் ஒரு கரண்டி, பீன்ஸோ பரங்கிக்காயோ வெந்ததும் ஒரு கைப்பிடி. சோறு எப்படியும் பொதுவானது.

உங்கள் நாயின் எடைக்கும் வயதுக்கும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கலோரி தேவைப்படும். வடித்த சோறு 300 கிராம், எலும்பும் தோலும் நீக்கிய கோழிக்கறி 200 கிராம், அவித்த முட்டை ஒன்று, வெந்த காய்கறி 100 கிராம், எண்ணெய் இரண்டு தேக்கரண்டி ஆகியவற்றைச் சேர்த்தால் ஏறத்தாழ அந்த அளவு வந்துவிடும். இதைக் காலையும் மாலையுமாக இரண்டு வேளைக்குப் பிரித்துக் கொடுங்கள். புளியந்தோப்பு ஆடுதொட்டிப் பக்கம் மாட்டுக்கறி வாங்குபவர்கள், கொழுப்பை நீக்கிவிட்டுக் கோழிக்குப் பதிலாக அதையே கொடுக்கலாம். கறி வாங்காத நாளில் மூன்று முட்டையும் இரண்டு கரண்டி குழைந்த பருப்பும் போதும். ஈரல் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தினமும் கொடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள வைட்டமின் ஏ உடலில் சேர்ந்துகொண்டே போய், நாளடைவில் எலும்பு மூட்டுகளைப் பாதிக்கும். வாரத்துக்கு இரண்டு நாள், நாளொன்றுக்கு 50 கிராம் என்று நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி, வீட்டுச் சாப்பாடு சாப்பிடும் நாய்களிடம் நான் அதிகமாகக் காணும் குறையைச் சொல்கிறேன். கறியில் பாஸ்பரஸ் நிறைய உண்டு. கால்சியம் மிகக் குறைவு. சோறும் கறியும் மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால், நாயின் உடல் தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன் எலும்புகளிலிருந்தே எடுத்துக்கொள்ளத் தொடங்கும். குட்டிகளுக்கு இது விரைவில் கால் வளைவாகத் தெரிந்துவிடும். வளர்ந்த நாய்களில் வெளியே தெரிய நெடுநாள் ஆகும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. இதற்கான மருந்து நீங்கள் தினமும் குப்பையில் போடும் முட்டை ஓட்டில் இருக்கிறது. ஓடுகளைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, தோசைக்கல்லில் ஈரம் போக வறுத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். நறநறப்பு இருக்கக் கூடாது. விரலில் தேய்த்தால் மாவுபோல இருக்க வேண்டும். அதில் ஒரு நாளைக்கு அரைத் தேக்கரண்டி உங்கள் நாய்க்கு ஏறத்தாழ ஒரு கிராம் கால்சியத்தைக் கொடுத்துவிடும். இந்த அளவு வளர்ந்த நாய்க்கு மட்டுமே உரியது. குட்டிகளுக்கு, அதிலும் பெரிய இனக் குட்டிகளுக்கு, கால்சியம் கூடினாலும் எலும்பு வளர்ச்சி கெடும் என்பதால் மருத்துவரிடம் அளவு கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

இத்தனை செய்தாலும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ ஆகியவை இந்தச் சாப்பாட்டில் குறைவாகவே இருக்கும். எனவே ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் நாயைக் காட்டி, சேர்த்துக் கொடுக்க வேண்டிய சத்து மருந்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியிலிருந்து வேப்பேரி தூரமில்லை. 1903-ஆம் ஆண்டு தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. புதிய உணவுக்கு ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வார காலத்தில் பழைய உணவைச் சிறிது சிறிதாகக் குறைத்து மாற்றினால் வயிற்றுப்போக்கு வராது.

எங்கள் வீட்டு நாய் எட்டு ஆண்டுகளாகச் சாம்பார் சோறுதான் சாப்பிடுகிறது, ஒன்றும் ஆகவில்லை. வெங்காயம் விஷம் என்று இப்போது என் பேரன் சொல்கிறான். இத்தனை நாள் ஆகாதது இனி ஆகுமா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

உங்கள் பேரன் சொல்வது சரிதான், ஐயா. நீங்கள் கண்டதும் உண்மைதான். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் ஆகிய அனைத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. மனித உடல் தாங்கிக்கொள்ளும் அதே பொருளை நாயின் சிவப்பணுக்களால் தாங்க முடிவதில்லை. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 முதல் 30 கிராம் வரை வெங்காயம் தின்ற நாய்களின் இரத்தத்தில் தெளிவான பாதிப்பு காணப்பட்டிருக்கிறது. அதாவது 15 கிலோ நாய்க்கு 225 கிராம் வெங்காயமே போதும். ஒரு வேளைச் சாம்பார் சோற்றில் அவ்வளவு வெங்காயம் இருக்காது. உங்கள் நாய் எட்டு ஆண்டுகள் தப்பித்ததற்கு இதுவே காரணம். ஆனால் தொடர்ந்து சில நாள்கள் சிறிது சிறிதாகத் தின்றாலும் பாதிப்பு கூடிக்கொண்டே போகும். வேகவைத்தாலும் வறுத்தாலும் இந்தச் சேர்மங்கள் அழிவதில்லை. பூண்டு, எடைக்கு எடை, வெங்காயத்தைவிடவும் வீரியம் மிக்கது.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் மிகுதி. உண்ணிகளால் பரவும் கிருமிகளும் இரத்தச் சோகையை உண்டாக்குபவை. உண்ணி கடித்து ஏற்கெனவே இரத்தம் குறைந்திருக்கும் நாய்க்கு, சென்ற ஆண்டு ஒன்றும் செய்யாத அதே சாம்பார் இந்த ஆண்டு தீங்கு செய்யலாம். ஈறு வெளுத்திருந்தாலோ, சிறுநீர் செந்நிறமாகவோ காப்பி நிறமாகவோ போனாலோ, வழக்கமாக ஓடும் நாய் மாடிப்படி ஏறத் தயங்கினாலோ அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வெங்காயம் தின்ற அன்று இந்த அறிகுறிகள் தெரியாமல், மூன்று நான்கு நாள்கள் கழித்துக்கூடத் தெரிய வரலாம்.

நீங்கள் வீட்டில் சாம்பார் வைப்பதை நிறுத்த வேண்டியதில்லை. வேகவைத்த துவரம்பருப்பை வெங்காயம் சேர்ப்பதற்கு முன்பே எடுத்துச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். ஆடி மாதத்தில் கோயில் கூழ் வாங்கிவந்து நாய்க்கும் ஊற்றும் வழக்கம் உங்கள் பகுதியில் உண்டு. அதில் சின்ன வெங்காயம் அரிந்து போட்டிருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். மாலையில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் வாங்கி வருபவர்களும் அப்படியே. பொரித்த வெங்காயமும் பூண்டும் சேராத அத்தோ கிடையாது என்பதால், ஒரு வாய்கூட நாய்க்குக் கொடுக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் மிஞ்சும் எலும்புகளை நாய்க்குப் போடலாமா? நாய் என்றால் எலும்புதானே தின்னும்?
– ஒரு வாசகி, பெரம்பூர்

போடக் கூடாது. வெந்த எலும்பு ஈரப்பதம் இழந்து, கடித்தால் ஊசி ஊசியாகச் சிதறும். கோழியின் தொடை எலும்பு இதில் மிகவும் கொடியது. தொண்டையிலும் குடலிலும் அது குத்திக் கிழித்த நாய்களுக்கு அறுவை சிகிச்சை செய்யும்போது நான் உடனிருந்திருக்கிறேன். எல்லா நாய்களும் பிழைக்கவில்லை. நான் சிறுமியாக இருந்தபோது பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டில் வளர்ந்த நாய்க்கும் பாசத்தோடு எலும்பு போட்டவள் நான்தான். அது மூன்று நாள் தண்ணீர்கூட இறங்காமல் தவித்ததை இன்றும் மறக்க முடியவில்லை. சாப்பிட்ட தட்டுகளிலுள்ள எலும்புகளை ஒரு பையில் கட்டி, நாயின் வாய் எட்டாத மூடியுள்ள தொட்டியில் போடுங்கள்.

காசிமேட்டிலிருந்து மீன் வாங்கி வருகிறோம். மீன் தலை, குடல், கழிவு எல்லாவற்றையும் பச்சையாகவே நாய்க்குப் போடுவது எங்கள் வழக்கம். கருவாடும் கொடுக்கிறோம். சரிதானா?
– ஒரு வாசகர், காசிமேடு

மீன் நாய்க்கு மிகவும் நல்ல உணவு. நீங்கள் கொடுக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும். சில மீன்களின் பச்சை மாமிசத்தில், வைட்டமின் பி1 என்னும் தயமினைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. நீங்கள் மலிவாக வாங்கும் கவலை மீனும் அந்த வகையைச் சேர்ந்தது. அதைப் பச்சையாக நாள்தோறும் தின்னும் நாய்க்குப் பசி குறைந்து, நடை தள்ளாடி, வலிப்பு வரையில் போகலாம். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். மீனிலுள்ள புழுக்களும் செத்துவிடும். எனவே குடலை எடுத்துவிட்டு, உப்பும் புளியும் சேராமல் தண்ணீரில் வேகவைத்துக் கொடுங்கள்.

முள்ளைப் பற்றி ஒரு சொல். சிறு நெத்திலியின் முள் வெந்ததும் மிருதுவாகிவிடும் என்பதால் தலையைக் கிள்ளிவிட்டு முழுதாகவே கொடுக்கலாம். அதில் கால்சியமும் கிடைக்கும். கவலை மீனைக் குக்கரில் அரைமணி நேரம் வேகவைத்தால் அதன் முள்ளும் விரலால் நசுக்கும் பதத்துக்கு வந்துவிடும். நசுக்கிப் பார்த்த பிறகே கொடுங்கள். சங்கரா, வஞ்சிரம், கொடுவா போன்ற பெரிய மீன்களின் முள்ளையும் தலை எலும்பையும் எவ்வளவு வேகவைத்தாலும் நம்ப வேண்டாம். சதையை மட்டும் உதிர்த்துக் கொடுங்கள். கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால், குறிப்பாக வயதான நாய்க்கும் இதயமோ சிறுநீரகமோ பாதித்த நாய்க்கும், அதைக் கொடுக்காமல் இருப்பதே நலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது பலரும் கருவாட்டுக்குத்தான் போகிறார்கள். அந்த இரண்டு மாதமும் முட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

துறைமுகத்திலும் கடற்கரையிலும் நாயை அவிழ்த்துவிடும் பழக்கம் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. வலையிலிருந்து கழித்துப் போடும் மீன்களில் பேத்தை மீனும் கிடக்கும். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள நஞ்சு, வேகவைத்தாலும் போகாதது. மூச்சுத் தசைகளை முடக்கிச் சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. மீனவக் குடும்பத்தினரான உங்களுக்கு அந்த மீனை நான் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாய்க்கு அது தெரியாது.

நாங்கள் சைவம், வீட்டில் முட்டையும் சேர்ப்பதில்லை. எங்கள் நாய்க்குத் தயிர் சோறும் சப்பாத்தியும் கொடுக்கிறோம். சில நாள்களாக முடி கொட்டுகிறது.
– ஒரு வாசகி, சௌகார்பேட்டை

உங்கள் பகுதியில் பல வீடுகளில் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. அந்த அளவில் உங்கள் சமையலறை மற்ற வீடுகளைவிட நாய்க்குப் பாதுகாப்பானது. ஆனால் தயிர் சோறும் சப்பாத்தியும் வயிற்றை நிரப்புமே தவிர, போதிய புரதத்தைக் கொடுக்காது. முடி கொட்டுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். உண்ணியும் பூஞ்சையும்கூடக் காரணமாக இருக்கலாம் என்பதால் முதலில் தோலைப் பரிசோதிக்கச் செய்யுங்கள்.

பூனையைப் போலன்றி, நாயால் இறைச்சி இல்லாமல் வாழ முடியும். ஆனால் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். சோற்றின் அளவைக் குறைத்து, குழைந்த பாசிப்பருப்பு, உப்புச் சேராத பனீர், ஊறவைத்து வேகவைத்த மீல்மேக்கர் ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சேருங்கள். ஒரு தேக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயும் விடுங்கள். வைட்டமின் டி, துத்தநாகம், இறைச்சியில் கிடைக்கும் டாரின் என்னும் சத்து போன்றவற்றுக்கு மருத்துவர் எழுதித்தரும் சத்து மருந்து சைவ உணவில் கட்டாயம் தேவை. பண்டிகை நாள்களில் அல்வாவிலும் பாயசத்திலும் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. எவ்வளவு தின்றால் ஆபத்து என்று நாய்க்கு நாய் வேறுபடுவதால், ஒன்றிரண்டு தின்றுவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஒரே பாத்திரத்தில் நாய்க்கும் எங்களுக்கும் சமைப்பதால் குழந்தைக்கு நோய் வருமா?
– ஒரு வாசகி, கொடுங்கையூர்

ஒரே பாத்திரத்தில் சமைப்பதால் வராது. ஒரே தட்டில் வைப்பதால் வரலாம். சமைத்த பாத்திரத்திலிருந்து கரண்டியால் எடுத்து நாயின் தட்டில் போடுங்கள். அந்தத் தட்டையும் அதைத் தேய்க்கும் நாரையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக்கறி கொடுப்பது நல்லது என்று இப்போது பலர் சொல்கிறார்கள். கைக்குழந்தையும் கர்ப்பிணியும் இருக்கும் வீட்டில் அதை நான் முற்றிலும் மறுக்கிறேன். பச்சைக் கோழிக்கறியிலுள்ள சால்மொனெல்லா கிருமி நாயின் வாயிலும் மலத்திலும் தட்டிலும் தங்கி, குழந்தையிடம் வந்து சேரும்.

நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு மருந்தும் தவறக் கூடாது. குழந்தை தவழத் தொடங்கியதும், நாய் சாப்பிடும் இடத்துக்கு அதை விடாதீர்கள்; எவ்வளவு சாதுவான நாயும் சாப்பாட்டுத் தட்டின் அருகே கை நீண்டால் கடிக்கக்கூடும். கத்திரி வெயில் நாள்களில் வைத்த சோறு அரைமணி நேரத்துக்கு மேல் தட்டில் கிடக்கக் கூடாது. நாய் தின்னாமல் விட்டால் எடுத்துக் கொட்டிவிட்டு, மாலையில் புதிதாக வையுங்கள்.

பிள்ளைகள் தங்கள் பிஸ்கட்டை நாயோடு பகிர்ந்துகொள்கிறார்கள். தடுக்க மனம் வரவில்லை. வீட்டிலேயே செய்ய ஏதாவது உண்டா?
– ஒரு வாசகி, திரு.வி.க. நகர்

கேழ்வரகு மாவு ஒரு டம்ளர், வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கோ பரங்கிக்காயோ அரை டம்ளர், முட்டை ஒன்று, எண்ணெய் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைப் பிசைந்து கெட்டியான மாவாக்குங்கள். இளகினால் இன்னும் சிறிது மாவு சேருங்கள். உப்பும் சர்க்கரையும் வேண்டாம். அடைபோல மெல்லியதாகத் தட்டி, பாட்டில் மூடியால் வட்டம் வட்டமாக வெட்டி, தோசைக்கல்லில் மிகச் சிறு தீயில் இருபுறமும் மொறுமொறுப்பாகும் வரை விடுங்கள். ஆறியபின் டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள் இருக்கும். பிள்ளைகளையே தட்டச் சொல்லுங்கள், அவர்களும் தின்னலாம். நாயின் ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இது போகக் கூடாது. சாக்லேட்டும், சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையில்லாச் சூயிங்கமும் நாய்க்கு நஞ்சு என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

எங்கள் தெருவிலுள்ள ஆறு நாய்களுக்கு இரவில் சோறு வைக்கிறேன். அண்டை வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகர், ராயபுரம்

அண்டை வீட்டாரின் கோபத்தில் நியாயமான பகுதியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். வாசலிலும் மாடிப்படியிலும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் சோறு வைத்தால், நாய்கள் அந்த இடத்தைத் தங்களுடையது என்று காக்கத் தொடங்கும். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகளும், இத்தகைய இடங்களைத் தவிர்த்துத் தனியிடத்தில், குறித்த நேரத்தில், அசுத்தம் செய்யாமல் உணவளிக்க வேண்டும் என்றே சொல்கின்றன. தெரு நாய்கள் பற்றிய நீதிமன்ற உத்தரவுகள் மாறிவருவதால், உங்கள் வட்டத்தில் எந்த இடம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதை மாநகராட்சியின் 1913 எண்ணில் கேட்டுக்கொண்டு அங்கே வையுங்கள்.

பிளாஸ்டிக் தாளில் வைக்காதீர்கள். சோற்றோடு அதையும் விழுங்கிவிடுகின்றன. கறிக்கடையில் கோழிக் கழுத்தும் காலும் வாங்கிக் கொதிக்கவைத்து, எலும்புகளை வடித்து எறிந்துவிட்டு, உதிர்ந்த சதையையும் அந்தச் சாற்றையும் சோற்றில் குழைத்து வைத்தால், வெறும் பாலும் பிஸ்கட்டும் போடுவதைவிடக் குறைந்த செலவில் நல்ல உணவாகும். உங்களிடம் தினமும் வந்து உண்ணும் நாய்களைப் பிடிப்பது மாநகராட்சி ஊழியர்களுக்கும் எளிது. கருத்தடைக்கும் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் அந்த ஆறையும் பதிவு செய்துவிட்டு, கருத்தடை முடிந்ததற்கு அறிகுறியாகக் காதில் இடும் வெட்டடையாளத்துடன் அவை திரும்பி வந்ததும் உங்கள் அண்டை வீட்டாரை அழைத்துக் காட்டுங்கள்.